மூன்று அங்குலக் கட்டையின் அடிப்பக்கம்

அம்மிணி,

இந்தக் கடிதத்தோடு ஒரு சாக்குப் பையும் வரும். அதில் இரண்டு வேலங்கட்டைகள் இருக்கின்றன, ஒன்று பழையது, ஒன்று புதியது. செய்தித்தாளில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்றும் இருக்கிறது. நீ இருக்கிற ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு முட்டை ஏற்றிப் போகிற வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். ஓட்டுநர் நம் பட்டறையில் தன் லாரிக்கு கேபின் கட்டிக்கொண்டவர்தான். முட்டையைவிடப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பையைப் பிரிப்பதற்கு முன் கடிதத்தை முழுக்கப் படித்துவிடு. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாய். நாலு வருடமாக உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்துவருவது அந்தச் "சரிங்கப்பா" மட்டும்தான். அதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்த வருத்தம் நியாயமா இல்லையா என்பதைக் கடைசியில் நீயே சொல்.

போன புதன்கிழமை மதியம் உங்கம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துத்தான் இரண்டு பேரும் பேசினீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நீயும் மாப்பிள்ளையும் ஓசூரில் குடிபோகிற வீட்டுக்கு இங்கிருந்து என்னென்ன அனுப்ப வேண்டும் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அண்டா வேண்டாம் என்றாய். தையல் மெஷின் வரட்டும் என்றாய். "பரண் மேல உன்ற ரம்ப மெஷினு கெடக்குதே சாமி, அது?" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "அதெ நம்ம பட்டறச் செங்கோடண்ணனுக்குக் குடுத்துருங்கம்மா. எனக்கு அந்தக் கை இல்லீன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சே" என்றாய்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் புரண்டு படுத்திருப்பேன். என் குணம் உனக்குத் தெரியும். ஆனால் நீ மேலும் சொன்னாய். உங்கள் கம்பெனியில் கைமெஷின்களைச் சோதித்துப் பார்க்கிற பிரிவுக்கு உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றும், திங்கட்கிழமைக்குள் பதில் தர வேண்டும் என்றும், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறாய் என்றும் சொன்னாய். "இப்பப் பாக்கற காயித வேலையே போதுமுங்கம்மா. கட்டைய வெச்சு மெஷின டெஸ்ட் பண்றதெல்லாம் நமக்குச் சரிப்படாது." இந்த வார்த்தைகளை அப்படியே எழுதியிருக்கிறேன். நாலு நாளாக அவை என் காதைவிட்டு இறங்கவில்லை. உனக்குச் சரிப்படாது என்று யார் சொன்னது? நீயாகக் கண்டுபிடித்ததா? இல்லை. நான் உன்னை நம்ப வைத்தது. எப்படி நம்ப வைத்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்தத் தொழிலை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நாமக்கல்லில் மூன்று பட்டறைகளில் கேட்டேன், மூன்றிலும் விரட்டினார்கள். விபத்தில் நொறுங்கி ரோட்டோரம் கிடந்த ஒரு லாரியின் மரக் கேபினை, சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி, ஆணி ஆணியாகப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டையையும் தரையில் வரிசையாக அடுக்கி, மறுபடி கோத்துப் பார்த்தேன். எட்டு முறை பிரித்து எட்டு முறை கோத்த பிறகுதான் லாரிக்கு கேபின் எப்படி நிற்கிறது என்று பிடிபட்டது. அப்படிக் கற்றவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். வேறு வழி ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவன் பட்ட அந்த எட்டு முறைப் பாட்டையும் கேலி செய்வதுபோல இருக்கும். இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. உனக்கும் அந்த ரத்தம் கொஞ்சம் இருக்கிறது, பார்த்துக்கொள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீ நாலாம் வகுப்புப் படித்தபோது ஒரு நாள் கேபின் கதவுச் சட்டத்துக்கு அளவு பிடிக்க வந்தாய். டேப்பின் மறுமுனை உன் கையில். "அப்பா, இந்தப் பக்கம் ஒரு நூல் கம்மியா இருக்குதுங்க" என்றாய். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதை நீ அப்போதே சொல்லக் கற்றிருந்தாய். நான், "போய்ப் பாடத்தப் படி போ" என்றேன். கதவு வண்டியில் ஏறியதும் மூடவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்துச் சரி செய்தேன். செங்கோடன் வந்து எப்படித் தெரிந்தது என்று கேட்டபோது, "கண்ணாலயே கண்டுபிடிச்சேன்" என்றேன். நீ பக்கத்தில்தான் நின்றிருந்தாய். குழந்தைதானே, மறந்திருக்கும் என்று நினைத்தேன். கல்லூரியில் சேரும்போது எந்தப் படிப்பு என்று கேட்டதற்கு மெக்கானிக்கல் என்று நீ சொன்னாய். மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

படிப்பு முடித்த மாதமே அந்த ஜிக்சா மெஷினோடு வந்து இறங்கினாய். இஸ்திரிப் பெட்டி மாதிரி ஒரு கையில் பிடிக்கிற சாமான். அதன் மூக்குக்குக் கீழே ஒற்றை பிளேடு மேலும் கீழும் குதிக்கும். கேபின் கூரைக்கு வருகிற வளைவுக் கட்டைகளை நாம் கோடு போட்டு ராசிபுரம் அறுவை மில்லுக்கு அனுப்பி இரண்டு நாள் காத்திருப்போம். "எதுக்குங்கப்பா அனுப்போணும்? இதுலயே இங்கியே அறுத்துக்கலாமுங்க" என்றாய். "பலகைன்னா அறுக்கும். மூணு அங்குலக் கட்டைக்கு இது பல்லுக் குத்தற குச்சி" என்றேன். செங்கோடன் சிரித்தான். நீயும் சிரித்தாய். "அப்பொ டெஸ்ட் வெச்சுப் பாத்துரலாமுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, நிபந்தனையையும் நீயே போட்டாய். மூன்று அங்குல வேலங்கட்டை, போட்ட கோட்டில் நேராக அறுக்க வேண்டும், மேலே இருக்கிற கோடும் கீழே வருகிற வெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அறுத்துவிட்டால் மெஷினும் நீயும் பட்டறையில் இருப்பீர்கள். இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. திங்கட்கிழமை காலை என்று முடிவானது. கனமான கட்டைக்கென்று நீளமான பிளேடு ஒன்று வாங்கி வந்திருந்தாய். "இது ஒண்ணுதாங்கப்பா கெடச்சுது" என்று சாப்பிடும்போது சொன்னாய். அந்தச் சொல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலமே அதை மாட்டி ஒரு பலகையில் அறுத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தாய்.

ஞாயிற்றுக்கிழமை நீயும் அம்மாவும் பள்ளிபாளையத்துக்குச் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டீர்கள். பட்டறை விடுமுறை. நான் தனியாக இருந்தேன். அந்த மெஷினைத் தொட்டுப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது, அம்மிணி. இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. ஆட்கள் முன்னால் அதைப் பல்குத்துகிற குச்சி என்று சொன்னவன், கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். நல்ல மரத்தை வீணாக்க மனம் வரவில்லை. மூலையில் ஒரு மணல் லாரியிலிருந்து பிரித்த பழைய தரைப்பலகை கிடந்தது. அதை எடுத்து வைத்து அறுத்தேன். மெஷின் தானாக என்னை இழுத்துக்கொண்டு போனது. நான் ஒரு துண்டோடு நிறுத்தவில்லை. பதினோரு துண்டு போட்டேன். வளைத்தேன், திருப்பினேன், ஒரு துண்டில் உன் பெயரின் முதல் எழுத்தைக்கூட வெட்டிப் பார்த்தேன்.

மணல் லாரியின் தரைப்பலகையில் ரம்பம் வைக்கக் கூடாது என்பது நம் பட்டறையில் புதிதாக வருகிற ஆளுக்குக்கூட முதல் நாளே சொல்லப்படுகிற விஷயம். வருடக்கணக்கில் மணல் அந்த மரத்துக்குள்ளேயே ஏறிப் போயிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் முழுக்கப் போகாது. அதில் அறுத்தால் பல் மழுங்கிவிடும். நான் எத்தனை பேரை அதற்காகத் திட்டியிருக்கிறேன். என் கையில் மெஷின் இருந்த சந்தோஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. முடித்த பிறகு கட்டைவிரலால் பிளேடைத் தடவினேன். தேய்ந்த காசு மாதிரி வழவழவென்று இருந்தது. ஒயரை நீ சுற்றி வைத்திருந்த மாதிரியே சுற்றி, மெஷினைப் பெட்டியில் வைத்தேன். பதினோரு துண்டையும் அடுப்பில் போட்டேன். சாயங்காலம் நீங்கள் வந்து இறங்கியபோது சொல்லியிருக்கலாம். "உன் பிளேடை நான் கெடுத்துட்டேன், டெஸ்ட தள்ளி வெச்சுக்க" என்று ஒரு வரி. சொன்னால் நான் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடியது தெரிந்துவிடும். அதற்கு வெட்கப்பட்டுத்தான் சொல்லவில்லை. இதுதான் முழு உண்மை. உன்னைத் தோற்கடிக்கத் திட்டம் போடவில்லை. ஆனால் நீ தோற்கப் போகிறாய் என்று தெரிந்தும் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்து நின்றேன்.

திங்கட்கிழமை நடந்தது உனக்கே தெரியும். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். நீ கட்டையை இறுக்கி, கோடு போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாய். ஒரு அங்குலம் போவதற்குள் புகை வந்தது. நீ முகத்தைச் சுளித்தாய், ஆனால் நிறுத்தவில்லை. மெஷின் நகரவில்லை என்று இரண்டு கையாலும் தள்ளினாய். மேலே பார்த்தால் பிளேடு கோட்டில்தான் போனது. அறுத்து முடித்ததும் செங்கோடன் கையைத் தட்டி, "அம்மிணி கெலிச்சிருச்சுங்கோ! மொதலாளி, இனி மில்லுக்காரனுக்கு டாட்டா சொல்லிருங்க" என்று கத்தினான். எல்லோரும் மேல்பக்கத்தைத்தான் பார்த்தார்கள். நீ யாரும் சொல்லாமலேயே கட்டையைப் புரட்டினாய். அடிப்பக்கம் அரை அங்குலத்துக்கு மேல் சாய்ந்து ஓடியிருந்தது. அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து, "இல்லீங்கண்ணா. தோத்துட்டனுங்க" என்றாய்.

அப்போது நீ என்னைப் பார்த்தாய். நான் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். "காயிதத்துல கோடு போடறது வேற, கட்டையில அறுக்கறது வேற." இந்த ஒரு வரியை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து மனதில் தயார் செய்து வைத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ மெஷினைப் பெட்டியில் வைத்து அம்மாவிடம் கொடுத்தாய். அடுத்த மாதம் ஓசூருக்குப் போய்விட்டாய். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டாய், ஆனால் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாய். அதை நான் இன்னும் குறையாகத்தான் வைத்திருக்கிறேன்.

உன் மேலும் தப்பு உண்டு. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சனிக்கிழமை மாட்டிய பிளேடைத் திங்கட்கிழமை தொட்டுப் பார்க்காமல் எப்படி அறுக்க ஆரம்பிப்பாய்? புகை வந்த பிறகும் ஏன் நிறுத்தவில்லை? முன்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதால்தானே? நிறுத்தி, பிளேடைக் கழற்றி, வெயிலில் பிடித்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் என் குட்டு வெளிப்பட்டிருக்கும். மெஷினைப் பற்றிப் புத்தகம் படித்த நீ, வீட்டில் இன்னொரு கை பட்டிருக்கும் என்று யோசிக்கவில்லை. அப்பா கைதானே என்ற நம்பிக்கை. இனிமேல் எந்தச் சோதனையிலும் அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்ளாதே.

புதன்கிழமை உன் குரலைக் கேட்ட பிறகு பரண் மேல் ஏறினேன். உங்கம்மா, "என்னுங்க, செங்கோடனுக்குக் குடுக்கறதுக்கா?" என்றாள். "இல்லெ" என்றேன். "பொறவு?" என்றாள். "அறுக்கோணும்" என்றேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். வியாழக்கிழமை சேலத்துக்குப் பஸ் ஏறினேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் நீள பிளேடு கேட்டேன். கடைக்காரருக்கு உன் வயதுதான் இருக்கும். "எத்தன மில்லி கட்டைங்கய்யா?" என்றார். "மில்லியெல்லாம் தெரியாது, மூணு அங்குலம்" என்றேன். "ஆள் யாருங்க அறுக்கறது?" என்றார். "நான்தான்." என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தள்ளாதீங்கய்யா. வயசானவங்க எல்லாரும் தள்றாங்க. அது போற வேகத்துக்கு நீங்க பின்னாடி போங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

வெள்ளிக்கிழமை ஆட்களுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டுப் பின்கொட்டகையில் தனியாகச் சோதித்தேன். ஏழு வேலங்கட்டை, எல்லாம் மூன்று அங்குலம், எல்லாம் ஒரே மரத்தில் எடுத்தது. ஒவ்வொன்றின் தலையிலும் சாக்கட்டியால் எண் போட்டேன். முதல் கட்டையை அந்தப் பழைய பிளேடாலேயே அறுத்தேன். அது இன்னும் மெஷினிலேயே இருந்தது, நீ கழற்றவே இல்லை. தள்ளினால்தான் நகர்ந்தது, தள்ளியதால் அடியில் வளைந்தது. புரட்டிப் பார்த்தால் ஐந்து நூல் விலகல். உன் கட்டையில் இருந்த அதே சாய்வு. முப்பது வருடத்துக்கு மேல் மரம் அறுத்த என் கையில், அதே பிளேடில், நீ செய்ததைவிட ஒரு மயிரிழைகூட நன்றாக வரவில்லை. இதைத்தான் நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது கட்டைக்குப் புது பிளேடு போட்டேன். பழக்க தோஷத்தில் கொஞ்சம் தள்ளினேன். இரண்டு நூல் விலகியது. மூன்றாவதில் கடைக்காரர் சொன்னபடி தள்ளாமல் அதன் பின்னால் போனேன், ஒரு நூல். மெஷின் பக்கவாட்டில் சைபர் முதல் மூன்று வரை எண் போட்ட ஒரு திருகு இருக்கிறதே, அது பிளேடை முன்னும் பின்னும் ஆட்டுகிறது என்று அப்போதுதான் புரிந்தது. நாலாவதில் அதை மூன்றில் வைத்தேன். வேகமாக அறுத்தது, ஆனால் ஓரமெல்லாம் பிய்ந்து அடி மறுபடியும் ஓடியது. ஐந்தாவதில் ஒன்றில் வைத்தேன். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி பிளேடு ஆறும்வரை காத்திருந்து, தூளை ஊதிவிட்டு அறுத்தேன். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். அரை நூல். நம்பிக்கை வராமல் ஆறாவதையும் அப்படியே அறுத்தேன். அரை நூலுக்கும் குறைவு. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது சரிதான். மூன்று அங்குலம் அறுக்கும்.

அதற்காக ரொம்பவும் துள்ளாதே. அரை நூலும் விலகல்தான். ஒரு கட்டைக்கு மில்லில் ஆகிற நேரத்தைவிட அதிகம் ஆகிறது. நேர்கோட்டுக்கு மில்தான் நல்லது என்று இப்போதும் சொல்வேன். வளைவுக்கு உன் மெஷின். அவ்வளவுதான் நான் இறங்கி வருவேன்.

அன்று மதியம் உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்போதிலிருந்து தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள், ரசம் வேண்டுமா என்றுகூடக் கேட்பதில்லை. எனக்கு வர வேண்டியது வந்திருக்கிறது. இன்று காலை டீ நேரத்தில் பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டு, அந்த மணல் பலகை விஷயத்தைச் சொன்னேன். அன்று யார் யார் முன்னால் நீ தோற்றேன் என்று சொன்னாயோ அவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்னும் இருக்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. செங்கோடன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"நெசமாவுங்களா?"

"நெசம்தான்."

"அந்தப் புள்ள ஒவ்வொரு பொங்கலுக்கும் வரையில நான் என்ன சொல்லீட்டு இருந்தேன் தெரியுமுங்களா? 'பரவால்ல அம்மிணி, பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு தெரிஞ்சதே பெருசு'ன்னு. அதும் தலையாட்டீட்டுப் போகும். இப்பொ அந்தப் பேச்ச எங்க கொண்டுபோயி வெக்கறதுங்க நானு?"

"நான்தான் எழுதப் போறேனே."

"எழுதுங்க. என்ற பேருக்கும் ஒரு வரி சேத்தி எழுதுங்க. அப்பறம் அந்த மெஷினு எனக்கு வேண்டாமுங்க. குடுத்தாலும் வாங்க மாட்டேன்."

அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன்.

பையில் இருக்கும் பழைய கட்டை எது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நீ அன்று தூக்கிப் பிடித்துக் காட்டிய அதே கட்டைதான். தூக்கி எறியவும் முடியவில்லை, அடுப்பில் போடவும் முடியவில்லை. நாலு வருடமாக வண்டி உருளாமல் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க வைத்திருந்தேன். வேறு யாராவது அதை எடுத்தால் சத்தம் போட்டேன், ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவை குனிந்து வைக்கும்போதும் அந்தச் சாய்வு கண்ணில் படும். புதுக் கட்டை, எண் ஆறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புரட்டிப் பார். பொட்டலத்தில் இருப்பது அந்தப் பழைய பிளேடு. கட்டைவிரலால் மெதுவாகத் தடவு. என் எழுத்தை நம்பாவிட்டாலும் அதன் பல்லை நம்பலாம்.

கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் பெரிய புத்தி எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை கற்றுக்கொண்டதைத்தான் சொல்ல முடியும். புகை வந்தால் நிறுத்து, யார் பார்த்துக்கொண்டிருந்தாலும். மாப்பிள்ளை சேந்தமங்கலத்துப் பிள்ளை, பொறுமைசாலியாகத் தெரிகிறார், ஆனால் அவரையும் தள்ளாதே, அவர் உன்னைத் தள்ளவும் விடாதே. ஒன்று சரியாக வராதபோது, உனக்குக் கை இல்லை என்று முடிவு செய்வதற்கு முன், இந்தச் சாமானை இதற்கு முன் யார் தொட்டார்கள் என்று கேள். நான் இருபத்தெட்டு வருடமாக உங்கம்மாவிடம் எந்த விஷயத்திலும் தோற்றேன் என்று சொன்னதில்லை. நேற்றுதான் முதல் தடவை சொன்னேன். ரசம் போனாலும் பரவாயில்லை, சொன்ன பிறகு நெஞ்சில் கொஞ்சம் இடம் இருக்கிறது. நீ இருபத்தெட்டு வருடம் காத்திருக்காதே.

இன்னொன்றும் நினைத்துப் பார்த்தேன். அன்று கைதட்டல் கேட்டபோது நீ கட்டையைப் புரட்டாமல் விட்டிருந்தால் ஜெயித்திருப்பாய். மேல்பக்கம் சுத்தமாக இருந்தது. யாருக்கும் சந்தேகம் இல்லை. நானும் வாயைத் திறந்திருக்க முடியாது, திறந்தால் நான் மாட்டிக்கொள்வேன். உன் நிபந்தனையை நீயே நிறைவேற்ற, உன் கையால் புரட்டினாய். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் புரட்டியிருக்க மாட்டேன். மெஷினைச் சோதிக்கிற பிரிவு என்றால் என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் கம்பெனிக்காரர்களுக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரிவதற்கு நாலு வருடம் முன்பே நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை உன் பதிலை எழுது. உனக்குப் பிடிக்கவில்லை, அதனால் வேண்டாம் என்றால் அப்படியே எழுது, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் கை இல்லை என்பதற்காக வேண்டாம் என்று எழுதாதே. அது நான் மழுக்கிய பிளேடை வைத்து எழுதுகிற பதில்.

முட்டை வண்டிக்காரர் வெளியே இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார். ஏழாவது கட்டையை நான் அறுக்கவில்லை. அதில் கேபின் கூரை வளைவுக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன், கல்யாணப் புடவை எடுக்க வரும்போது ஒரு அரைமணி நேரம் பட்டறைக்கு வா. மெஷின் பரண் மேல் இல்லை, மேசை மேலேயே இருக்கிறது. புது பிளேடுகள் இன்னும் மூன்று, பாக்கெட்டிலேயே இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் தொடவில்லை.

நான் சொன்னேன் என்று நம்பிவிடாதே. வந்ததும் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டே மாட்டு.

அப்பா